படம் வரலைன்னா என்ன சொல்லுவீங்க

தம்பிதுரை எங்க ஆபீசுக்கு மொத மொதல்ல வந்தப்பக் கேட்டது வெப்சைட்டப் பத்தி இல்ல. "அம்மணி எந்தக் கூட்டமுங்க?"ன்னு கேட்டாரு. எங்க குலத்தச் சொன்னேன். "அட, அப்ப நம்ம பங்காளி ஊட்டுப் புள்ள. நான் உங்களுக்குச் சித்தப்பன் மொறை"ன்னு சொல்லிப்போட்டு, ஒரு நாற்காலிய என்ற பக்கத்துல இழுத்துப் போட்டு உக்காந்துட்டாரு. வாய் நெறைய வெத்தல. அந்த வாயோட மானிட்டர்கிட்டக் குனிஞ்சு குனிஞ்சு பேசுனதுல கண்ணாடி பூராச் செவப்புப் புள்ளி. அவரு போனதும் நான்தான் அதைத் தொடைச்சேன். பின்னால நடந்ததையெல்லாம் நெனைச்சா அந்த எச்சில் எவ்வளவோ தேவல.

தொண்ணூத்தொம்பதுல நடந்தது இது. பீளமேட்டுல ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல கிருபாசங்கர்னு ஒருத்தரு வெப்சைட் போட்டுக் குடுக்கற ஆபீஸ் வெச்சிருந்தாரு. நான் அங்க டிசைனர். என்ற பேரு துளசிமணி. பல்லடத்துலருந்து தெனம் பஸ்ஸுல போய்ட்டு வருவேன். அப்பெல்லாம் மில்லுக்காரன், பம்புசெட்டுக்காரன், நூல் வியாபாரி எல்லாருக்கும் வெப்சைட் வேணும். எதுக்குன்னு கேட்டாத் தெரியாது. பக்கத்து மில்லுக்காரன் வெச்சிருக்கான், அதனால எனக்கும் ஒண்ணு, அவ்வளவுதான்.

தம்பிதுரைக்கு மட்டும் என்ன வேணும்னு நல்லாத் தெரிஞ்சிருந்துச்சு. அவருக்குக் கருமத்தம்பட்டியில விசைத்தறி ஓடுது. தறிக் குடோனுக்கு முன்னால ஒரு ரூம்புல கல்யாணத் தகவல் நிலையம் நடத்தறாரு. எங்க சனத்துல பாதிப் பேரோட ஜாதகம் அவரு பீரோவுலதான் தூங்குது. அதையெல்லாம் இன்டர்நெட்டுல ஏத்திட்டா அமெரிக்கா மாப்பிள்ளை, மஸ்கட் மாப்பிள்ளையெல்லாம் தானா வந்து மாட்டும்னு அவருக்கு ரோசனை.

கொண்டுட்டு வந்த மஞ்சப்பையத் தலைகீழாக் கவுத்தாரு. கீபோர்டு மேல பொண்ணுக போட்டோவாக் கொட்டுச்சு. ஸ்டுடியோவுல பவுடர் அப்பி, பிளாஸ்டிக் பூச்சாடிக்குப் பக்கத்துல நிக்க வெச்சு எடுத்த படங்க. ஒண்ணொண்ணா நிமித்தி வெச்சுக்கிட்டே வந்தேன். நடுவுல என்ற அக்கா நின்னா.

கோகிலவாணின்னு பேரு. பொம்பளைப் புள்ளைக காலேஜ்ல தாவரவியல் வாத்தியார். நல்லாப் பாடம் நடத்துவா, நல்லாச் சிரிக்க வெப்பா, ஊட்டுல அப்பாவோட கோழிப்பண்ணைக் கணக்கு வழக்கெல்லாம் அவதான் பாத்தா. நெறம் மட்டும் அம்மாவக் கொண்டு பொறந்துட்டா. அந்த ஒரு பாவத்துக்கு எத்தனை கூட்டம் எங்க ஊட்டுக்கு வந்து கேசரியத் தின்னுபோட்டு, "ஊட்டுக்குப் போயிச் சொல்லி அனுப்பறமுங்க"ன்னு போயிருக்குது. போனவங்க போனதுதான். கடைசியா ஒரு கூட்டம் போனப்ப அக்கா அப்பாகிட்டத் தெளிவாச் சொல்லிட்டா: "இனி என்னைக் கேக்காம யாருகிட்டயும் போட்டோவக் குடுக்காதீங்க. கல்யாணம் நடந்தா மரியாதையா நடக்கட்டும். இல்லைன்னா வேண்டாம்." அப்பா தலையத் தலைய ஆட்டுனாரு. ஆட்டிப்போட்டு இங்க கொண்டாந்து குடுத்திருக்காரு.

"இது என்ற அக்காங்க"ன்னேன்.

"அப்படிங்களா அம்மணி? உங்கப்பா நாச்சிமுத்து அண்ணன் போன வாரம்தான் வந்து குடுத்துட்டுப் போனாப்புல. ஊட்டுல சொல்லிக்க வேண்டாம்னாப்புல."

படத்த எடுத்து டிராயர்ல வெக்கப் போனேன். "அதை வெச்சுருங்க அம்மணி, நல்ல எடமா ஒண்ணு ரோசனையில இருக்குது, மஸ்கட்ல"ன்னாரு. குவியல்லயே திருப்பி வெச்சேன். என்ன பண்ணச் சொல்றீங்க. அக்கா சிரிச்ச மொகமா ஒரு ஊட்டுக்குப் போகோணும்னு எனக்கும் ஆசை இருந்துச்சு.

அப்பறம் ஆரம்பிச்சுது சண்டை. தம்பிதுரை கேட்டது இதுதான்: பக்கத்தைத் தொறந்த ஒடனே பொண்ணுக மொகமா வரிசை வரிசையாத் தெரியோணும். பேரு வேண்டாம், ஒரு எழுத்து வேண்டாம். எந்த மொகம் புடிக்குதோ அந்த மொகத்து மேல அமுக்கோணும். அமுக்குனா அந்தப் பொண்ணோட ஜாதகம் தொறக்கோணும்.

"மொகத்து மேல அமுக்கறதுங்களா?"

"ஆமாங்க. பித்தானாட்ட."

நான் சொன்னேன். சித்தப்பா, இது தப்புங்க. டெலிபோன் லைன்ல இத்தனை படம் வர்றதுக்குள்ள பாக்கறவன் எந்திரிச்சுப் போயிருவான். பாதிப் பேரு படத்த நிறுத்தி வெச்சுட்டுத்தான் பாக்கறாங்க, வெசையா வரட்டும்னு. அவங்களுக்கு உங்க பக்கத்துல வெறுங்கட்டந்தான் தெரியும். எதை அமுக்கறதுன்னே தெரியாது. எழுத்துல போடுங்க. பேரு, படிப்பு, ஊரு, கூட்டம். எழுத்துன்னா சட்டுனு வரும். பேர அமுக்குனா விவரம் வரட்டும், அந்தப் பொண்ணுக்குச் சம்மதம்னா மட்டும் உள்ள படம் இருக்கட்டும்.

"எழுத்தையெல்லாம் எவன் அம்மணி படிக்கறான்? பொண்ணுன்னா மொகந்தானுங்க."

"அப்ப மாப்பிள்ளைகளுக்கும் மொகத்தையே போட்டரலாங்களா?"

சிரிச்சாரு பாருங்க, கிருபாசங்கரும் சேந்து சிரிச்சாரு. "பையனுக்கு எதுக்குங்க படம்? பி.ஈ., மஸ்கட்டுன்னு எழுதுனாப் போதுமே. அதையே அமுக்கிக்குவாங்க." ஆக, பையன்னா எழுத்து, பொண்ணுன்னா படம். அவன் படிச்ச படிப்பு லிங்க்கு, இவ பவுடர் போட்ட மூஞ்சி லிங்க்கு. கருமாந்திரம். எனக்கு அந்த மவுஸத் தூக்கி எறியலாம்னு இருந்துச்சு.

கிருபாசங்கர் என்னைத் தனியாக் கூப்புட்டு, "துளசி, பார்ட்டி கேக்கறதப் போட்டுக் குடு. நீ என்ன சமூக சேவையா பண்றே"ன்னாரு. சரின்னேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டேன். ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலயும் ஒரு வரி எழுதி வெக்கலாம். ஆல்ட்டுன்னு அதுக்குப் பேரு. படம் வராத எடத்துல அந்த வரி தெரியும், அதையே அமுக்கியும் போகலாம். அதையாவது உடாமப் போடோணும்னேன். அது சரின்னாரு.

மாதிரிக்கு ஒரே ஒரு பக்கம் பண்ணி, பூப்படத்த வெச்சுக் காட்டுனேன். பொண்ணுக படத்தையெல்லாம் ஏத்தற வேலையத் தம்பிதுரையோட அக்கா பையன் தீபக் பாத்துக்கறதாச் சொன்னாரு. தீபக் இஞ்சினியரிங் காலேஜ்ல கம்ப்யூட்டர் படிக்கறவன், விவரமானவன். அவனையும் தம்பிதுரையையும் பக்கத்துல உக்கார வெச்சு வெளக்கமாச் சொன்னேன். "இந்தக் கட்டத்துல, படம் வரலைன்னா என்ன சொல்லுவீங்களோ அதை அடிங்க. தமிழ் எழுத்து எல்லாக் கம்ப்யூட்டர்லயும் வராது, இங்கிலீஷ் எழுத்துலயே அடிச்சுருங்க." தீபக் மண்டைய ஆட்டுனான். தம்பிதுரை, "படம் வரலைன்னா நாம என்ன சொல்லுவமோ அது. அப்படித்தானுங்களே அம்மணி?"ன்னு கேட்டாரு. ஆமாங்கன்னேன். இதுல என்ற தப்பு என்னன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.

நல்ல நாள் பாத்து மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வெச்சு, தேங்கா ஒடைச்சு வெப்சைட்டத் தொறந்தாங்க. தேங்காத் தண்ணி சிபியூ மேல தெறிச்சுது. நான் போகல. அந்தப் பக்கத்தை அதுக்கப்பறம் நான் தொறந்தே பாக்கல. அக்கா மொகத்துல எவனெவனோ மவுஸ வெச்சு அமுக்கறான்னு நெனைச்சாலே சோறு எறங்கல, அதை வேற கண்ணால பாக்கோணுமா.

ஆனா ஒண்ணு நல்லதாத்தான் வந்துச்சு. இல்லைன்னு சொன்னாப் பொய். மஸ்கட்ல இருக்கற பூபதின்னு ஒரு இஞ்சினியர், அவினாசிப் பக்கத்துக்காரங்க, அக்காவப் பாத்துட்டுத் தம்பிதுரைக்கு எழுதியிருந்தான். அக்காவுக்கு விசயம் தெரிஞ்சு அப்பாகிட்டக் கொஞ்ச நாள் பேசல. அப்பறம் அவனே நேரா போன் பண்ணுனான். அக்கா மொதல்ல ரெண்டு வார்த்தைதான் பேசுனா. அவன் என்னமோ கேக்க, இவ பேரீச்ச மரத்துல ஆண் மரம் பொண் மரம்னு எப்படிக் கண்டுபுடிக்கறதுன்னு வெளக்க ஆரம்பிச்சுட்டா. அப்பறம் வாரா வாரம் போன் வந்துச்சு. அக்கா அந்தக் கருப்பு ரிசீவரக் காதுல வெச்சுக்கிட்டுச் சிரிக்கறத அம்மா சமையல்கட்டுலருந்து எட்டிப் பாப்பாங்க. எங்கம்மா மாசாணியம்மாள் லேசுல கண்ணுல தண்ணி உடறவங்க இல்ல, அப்ப உட்டாங்க.

"துளசி, இவரு என்ற படத்தப் பத்தி ஒரு வார்த்தை பேசல"ன்னு அக்கா ஒரு நாள் சொன்னா. "பேசறதெல்லாம் நான் படிச்சது, நான் சொல்லிக் குடுக்கறது, அதப் பத்தித்தான்." அதுதான் அவளுக்குப் புடிச்சிருந்துச்சு. ஊட்டுல பெரியவங்க வந்து பாக்கட்டும்னு அவளே வாயத் தொறந்து சொன்னா. இத்தனை வருசத்துல அவளா சரின்னு சொன்னது அது ஒண்ணுதான்.

ஞாயித்துக்கெழமை மாப்பிள்ளை ஊட்டு ஒறம்பரை வந்தாங்க. பையனோட அப்பா, அம்மா, தாய்மாமன். அம்மா செஞ்ச கேசரி, வாழக்கா பஜ்ஜி எல்லாம் உள்ள போச்சு. அக்கா வந்து கும்புட்டுட்டு உக்காந்தா. பையனோட அம்மா காலேஜப் பத்தி ரெண்டு கேள்வி கேட்டாங்க. எல்லாம் சொகமாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. தாய்மாமன் கையத் தொடைச்சுக்கிட்டு, சட்டைப் பாக்கெட்டுலருந்து நாலா மடிச்ச ஒரு காயிதத்தை எடுத்து விரிச்சாரு.

"ஏனுங் மாமா, ஒண்ணும் தப்பா எடுத்துக்காதீங்க. பேசறதப் பேசிப்போட்டம்னா நல்லது. உங்க பூலவாடித் தடத்துத் தோட்டம் இருக்குதுங்களே, அதைப் பையன் பேருக்கு எழுதிக் குடுத்துப்போட்டா, தை மாசமே வெச்சுக்கலாமுங்க."

அப்பாவுக்கு மொகம் செத்துப்போச்சு. "அப்படியெல்லாம் பேச்சு இல்லீங்களே மாப்பிள்ளை"ன்னாரு.

"நீங்கதானுங்களே போட்டிருக்கீங்க." காயிதத்தைத் தூரமாப் புடிச்சுக்கிட்டு, எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிச்சாரு. "நெறம் மட்டு. வயசு ஏறிருச்சு. ஊட்டுல என்ன சொன்னாலும் ஒத்துக்குவாங்க."

பண்ணையில கோழிக கெக்கெக்குன்னு கத்தறது மட்டும் கேட்டுச்சு. எனக்கு ஒரு நிமிசம் ஒண்ணுமே புரியல. அப்பறம் புரிஞ்சுது. திருப்பூர்ல எங்கியோ ஒரு பிரவுசிங் சென்டர்ல, படத்த நிறுத்தி வெச்ச கம்ப்யூட்டர்ல எடுத்த பிரிண்ட்டு அது. மொகம் ஒண்ணு கூட இல்ல. வரிசை வரிசையாக் கட்டம், ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு வரி. படம் வரலைன்னா என்ன சொல்லுவாங்களோ அந்த வரி.

அக்கா எந்திரிச்சுப் போயி, "சித்த குடுங்க"ன்னு கைய நீட்டுனா. அவரு குடுத்துட்டாரு. அவ தன்னோட வரியப் படிச்சா. அதோட நிறுத்துவான்னு பாத்தேன், நிறுத்தல. மேலருந்து கீழ வரைக்கும் அத்தனையும் வாய் விட்டுப் படிச்சா, கிளாஸ்ல அட்டெண்டன்ஸ் எடுக்கற கொரல்ல. "பல்லு எடுப்பு, ஒத்தப் பொண்ணு, தோட்டம் பூராம் வந்துரும். அப்பன் குடிகாரன், புள்ள பயந்த புள்ள, சொன்ன பேச்சுக் கேக்கும். கால் சித்த தாங்கி நடக்கும், போட்டோவுல தெரியாது." அதுல வெரல வெச்சு நிறுத்துனா. "பேரு போடலைன்னாலும் தெரியுது, இந்தப் புள்ள என்ற கிளாஸ்ல படிச்சதுங்க. பரிசெல்லாம் வாங்கியிருக்குது."

பையனோட அம்மா தரையப் பாத்துக்கிட்டு இருந்தாங்க.

"உங்க பையனுக்கு இது தெரியுமுங்களா?"ன்னு அக்கா கேட்டா. அதைக் கேக்கறப்ப மட்டும் அவ கொரல் லேசா எறங்குச்சு.

தாய்மாமனுக்கு ஒரு கூச்சமும் இல்ல. "அவன்தானுங்க அம்மணி மொதல்லயே பாத்தான். அங்கயும் படம் வர நேரமாகுதுன்னு படத்த நிறுத்திப்போட்டுத்தான் பாப்பானாம். இந்த மாதிரிப் போட்டிருக்குது, கேட்டுப் பாருங்க மாமான்னு அவன்தான் போன்ல சொன்னான்."

பேரீச்ச மரத்தக் கேட்டவன். வாரா வாரம் சிரிக்க வெச்சவன். அந்த வரியப் படிச்சுப்போட்டுத்தான் போன எடுத்திருக்கான், த்தூ. படத்தப் பத்தி ஒரு வார்த்தை பேசலியாம். எப்படிப் பேசுவான், அவன் படத்தையே பாக்கலியே. அவன் பாத்தது கடைசி மூணு வார்த்தைய.

அக்கா காயிதத்தைப் பழையபடி நாலா மடிச்சு அவரு கையில குடுத்தா. "காப்பி ஆறிருமுங்க. குடிச்சுப்போட்டுப் பொறப்படுங்க"ன்னா. அத்தனை மரியாதையா ஒருத்தர வெளிய தாட்டி உட்டத நான் பாத்ததே இல்ல. அவங்க காப்பியக் குடிக்காமயே போனாங்க.

மக்யா நாள் திங்கக்கெழமை நான் பீளமேட்டுக்குப் போகல, நேராக் கருமத்தம்பட்டிக்குப் போனேன். தறிச் சத்தத்துல காது அடைக்குது. தம்பிதுரை ரூம்புல உக்காந்து வெத்தல மடிச்சுக்கிட்டு இருந்தாரு. பக்கத்துல யாரோ ஒரு பொண்ணோட ஜாதகத்து மேல சுண்ணாம்பு டப்பா.

"என்னங்க சித்தப்பா எழுதி வெச்சிருக்கீங்க?"ன்னு கத்துனேன். தறிச் சத்தத்துல கத்துனாத்தான் பேசுனாப்புல கேக்கும்.

"என்னதுங்க அம்மணி?"

"படத்துக்குப் பின்னால."

"நீங்க சொன்னதுதானுங்களே." அவரு மொகத்துல துளி கள்ளத்தனம் இல்ல. "படம் வரலைன்னா நான் என்ன சொல்லுவேனோ அதை அடிக்கச் சொன்னீங்க. இங்க ஒரு பார்ட்டி வாராங்க, பொண்ணு போட்டோ கையில இல்லைன்னு வெய்யுங்க. நான் என்ன சொல்லுவேன்? நெறம் இப்படி, பல்லு இப்படி, அப்பன் இப்படி, இவ்வளவு வரும்னு வாயில சொல்லுவேன். அதைத்தான் நான் சொல்லச் சொல்ல தீபக் அடிச்சான். ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ற ஆளு நான் இல்லீங்க அம்மணி. என்றகிட்ட எல்லாம் உள்ளது உள்ளபடி."

"பேரு, படிப்பு, ஊருன்னு போடறதுக்குங்க அது."

"பேரையும் ஊரையும் சொன்னா எவனுங்க பொண்ணு கட்டறான்?"

கோழி யாவாரி பண்ணைக்கு வந்தா, கோழியத் தூக்கி நெஞ்சுக்கறிய அமுக்கிப் பாத்து வெல சொல்லுவான். அவனாவது கோழி காதுல உழுகற மாதிரிச் சொல்ல மாட்டான்.

"என்ன சொன்னாலும் ஒத்துக்குவாங்கன்னு யாருங்க உங்களுக்குச் சொன்னது?"

அவரு வெத்தலைய வாயில போட்டு ஒதுக்கிக்கிட்டாரு. "அது என்ற சொந்தச் சரக்கு இல்லீங்க. போட்டோ குடுக்க வந்தப்ப உங்கப்பா சொன்னது. இந்த எடத்துல உக்காந்துதான் சொன்னாப்புல. 'தம்பி, நெறம் மட்டுதான், வயசும் ஏறிருச்சு, பாத்து முடிச்சு உடு, என்ன கேட்டாலும் ஒத்துக்கறம்'னாப்புல. நான் ஒரு வார்த்தை கூட்டல, கொறைக்கல."

பக்கத்துல இருந்த ஸ்டூல்ல உக்காந்தேன். அவரு அதைச் சம்மதம்னு எடுத்துக்கிட்டாரு.

"நீங்க வந்ததும் நல்லதாப் போச்சு அம்மணி. நானே வரலாம்னு இருந்தேன். அன்னிக்கு நீங்க சொன்னதுதானுங்க சரி. எழுத்துத்தான் வேணும். மொகத்த ஒருத்தனும் பாக்கறதில்ல, அந்த வரியத்தான் படிக்கறாங்க. அதைப் படிச்சுப்போட்டுத்தான் அத்தனை போனும் வருது. படத்தையெல்லாம் எடுத்துப்போட்டு, அந்த வரியவே பெருசாப் போட்டு, அதையே அமுக்கற மாதிரிப் பண்ணிக் குடுத்துருங்க. கிருபாசங்கர் தம்பிகிட்டக் காலையிலயே போன்ல சொல்லிப்போட்டேன்."

பஸ்ஸுல வர்ற வழியெல்லாம் அதுதான் நெஞ்சக் கரிச்சுது. எழுத்துல போடுங்க, எழுத்துல போடுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டது நான். இப்பத் தம்பிதுரை கேக்கறான், எழுத்துல போடறானாம்.

ஆபீசுக்குப் போனா கிருபாசங்கர் சந்தோசமா இருந்தாரு. "பாத்தயா, உன் ஐடியாவுக்கே வந்துட்டாரு. டெக்ஸ்ட் லிங்க்கு, பேஜும் லேசா இருக்கும். சாய்ங்காலத்துக்குள்ள முடிச்சுரு"ன்னாரு. நான் உக்காந்து அந்தப் பக்கத்தை மொத தடவையாத் தொறந்தேன். மொகம் ஒண்ணொண்ணா மேலருந்து கீழ சொட்டுச் சொட்டா எறங்குச்சு. நெத்தி, கண்ணு, மூக்கு. அதுக்கு முன்னால அந்தந்தக் கட்டத்துல அந்தந்த வரி நின்னுக்கிட்டு இருந்துச்சு. மொகம் வந்து சேர்றதுக்குள்ள தீர்ப்பு வந்துருது. அந்த வரிகள அப்பறம் மொகம் வந்து மூடிக்குது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சர்வர் பாஸ்வேர்டு என்றகிட்டத்தான் இருந்துச்சு. படம், எழுத்து, மாப்பிள்ளை பக்கம், பொண்ணு பக்கம், ஒண்ணு உடாம அழிச்சேன். ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இருந்த காப்பியையும் அழிச்சேன். தீபக்கிட்ட ஒரு காப்பி இருக்கும், அவன் மறுபடி ஏத்திக்குவான்னு எனக்குத் தெரியும். ஏத்தட்டும். என்ற கையால வேண்டாம். பைய எடுத்துக்கிட்டு, கிருபாசங்கர்கிட்ட "முடிச்சுட்டேனுங்க"ன்னு சொல்லிப்போட்டு எறங்கி வந்துட்டேன். அதுக்கப்பறம் அந்த மாடிய நான் ஏறல.

ஊட்டுக்கு வந்தா, அக்கா மேசையில உக்காந்து பரிட்சைப் பேப்பர் திருத்திக்கிட்டு இருந்தா. தம்பிதுரை சொன்னத அவகிட்ட மட்டும் மெதுவாச் சொன்னேன், அந்த வரி அப்பா வாயிலருந்து வந்ததுங்கறது உள்பட. அப்பா பண்ணையிலருந்து வந்து கை கால் கழுவிட்டு, துண்டால மொகத்தத் தொடைச்சுக்கிட்டு நின்னாரு. நேத்துலருந்து அவரு யாரு மூஞ்சியையும் பாத்துப் பேசல. எனக்கு அவரு மேல எரிச்சலா வந்துச்சு, பாக்கவும் பாவமா இருந்துச்சு, அந்தப் பாவம் வர்றதுனாலயே இன்னும் எரிச்சலா வந்துச்சு.

"அழிச்சுப்போட்டேன்"ன்னேன். "அந்தப் பக்கமே இல்ல இப்ப. எல்லாத்தையும் எடுத்துப்போட்டேன்."

அம்மா, "நல்ல காரியம் பண்ணுனே"ன்னாங்க.

அப்பா பதறிட்டாரு. "ஏங்கண்ணு, பூராத்தையுமா? அப்பறம் எடம் எப்படி வரும்?" துண்ட முறுக்குனாரு. அப்பறம் கொரலத் தாழ்த்தி, என்னமோ எனக்கு மட்டும் கேக்கற மாதிரி, "தம்பிதுரைகிட்டச் சொல்லி மறுபடி போடச் சொல்லு கண்ணு. நெறம் மட்டுன்னு வேண்டாம். மாநெறம்னு போடச் சொல்லு"ன்னாரு.

நான் வாயத் தொறந்தேன். நல்லா நாலு வார்த்தை வெச்சிருந்தேன், கருமத்தம்பட்டியிலருந்து சேத்து வெச்சது. அதுக்குள்ள அக்கா பேசிட்டா. கோவம் இல்ல அவ கொரல்ல. பாடம் புரியாத புள்ள சந்தேகம் கேக்கற மாதிரிக் கேட்டா.

"ஏனுங்கப்பா. படம் இல்லைன்னா, என்னைப் பத்திச் சொல்றதுக்கு உங்களுக்கு அவ்வளவுதான் இருந்துச்சுங்களா?"

அப்பா எதையோ சொல்லப் பாத்தாரு. அக்கா செவப்புப் பேனாவ மூடி வெச்சுட்டு, அவரு சொல்லட்டும்னு காத்துக்கிட்டு இருந்தா.